வலது முட்டி: மே மாதக் குறிப்புகள்

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பயிற்சியில் திருகிய முட்டி, வீக்கம் இன்னும் வற்றவில்லை.

மே 5
ஹீல் ஹூக்கில், அதாவது குதிகாலைப் பிடித்துத் திருப்பும் பிடியில், வலி முன்கூட்டியே வராது. ஆர்ம் பாரில் முழங்கை நீளும்போதே கை கத்திவிடும், தோற்றேன் விடு என்று தட்டிவிடலாம். இதில் அப்படி இல்லை. குதிகாலைக் கைமடிப்பில் பூட்டி, தொடையை இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டு திருப்பினால், திருகல் முழுக்க முட்டிக்குள் இறங்குகிறது. வலி தெரியும்போது ஜவ்வு போயிருக்கும். இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐபிஜேஜேஎஃப் நடத்தும் போட்டிகளில் 2021-இல்தான் இதை அனுமதித்தார்கள். அதுவும் கீ (பயிற்சி அங்கி) போடாத பிரிவில், ப்ரௌன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும். நான் ப்ளூ பெல்ட், ப்ரௌனுக்கு இரண்டு படி கீழே. வெளியூரிலிருந்து வந்து ஒருநாள் எங்களோடு பயிற்சிச் சண்டை போட்டுவிட்டுப் போனவனும் ப்ளூ பெல்ட்தான். நான் சத்தமாகவே தட்டினேன். அவன் கடைசிவரை திருப்பிவிட்டுத்தான் விட்டான்.

மே 6
தூக்கமே இல்லை. கரண்டும் இல்லை.

மே 8
ஸ்கேன் முடிந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வங்காளம், ஜார்கண்ட் பக்கத்து ஆட்கள். அத்தனை தூரம் ரயிலேறி வேலூருக்கு வந்தவர்கள் முன்னால் என் முட்டியைப் பற்றிப் புலம்பக் கூச்சமாக இருந்தது. மெஷினுக்குள் ஆடாமல் படு என்றார்கள். படுத்துக்கொண்டு மனசுக்குள் ட்ரையாங்கிள் போட்டேன், காலால் கழுத்தை நெரிக்கும் பிடி. அவன் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. என் வலது கால் அவன் கழுத்துக்குப் பின்னால். பாதத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது, கணுக்கால் போய்விடும். முன்னங்கால் எலும்பைப் பிடித்து இழுத்து, இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்தி, இடது முட்டி மடிப்பில் வலது கணுக்காலைப் பூட்ட வேண்டும். கழுத்தின் ஒரு பக்கத்து ரத்தக்குழாயை என் தொடை அழுத்தும், இன்னொன்றை அவன் தோளே அழுத்தும். சரியாக விழுந்தால் சில நொடி போதும். மூச்சை நிறுத்துகிற பிடி இல்லை இது, மூளைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்துவது. யாருக்கும் எலும்பு உடையாது. தட்டினால் விட்டுவிடலாம், அவன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ரவுண்டுக்கு வருவான். இதைவிட நல்ல பிடி எனக்குத் தெரிந்து கிடையாது.

மே 9
ஆயா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கட்டைப் பிரிக்கச் சொன்னது. "இன்னாடா இது, பூசணிக்கா மாரி கீது. மல்லுகட்றதுன்னா கால ஒடிச்சி உட்றதா?" பதில் சொல்ல முடியவில்லை.

மே 10
ஏசிஎல், முட்டிக்குள் இருக்கும் முக்கிய ஜவ்வு, முழுக்கக் கிழிந்திருக்கிறது. மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்பும் கொஞ்சம். ஆபரேஷன். பயிற்சிப் பாய்க்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகுமாம்.

மே 11
புது ஜவ்வை என் காலிலிருந்தே எடுப்பார்களாம். பின்தொடைத் தசைநார், இல்லையென்றால் முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார். "எது வேணும்னு யோசிச்சிட்டு வாங்க தம்பி" என்றார் டாக்டர். பின்தொடைதானே ட்ரையாங்கிளை இறுக்குகிறது! காலை மடக்கிக் குதிகாலைக் கீழே இழுக்கிற சதையே அதுதான். முன்பக்கத்தில் எடுத்தால் மண்டி போடும்போது வலிக்கும் என்கிறார்கள். கீழே கிடப்பவன் கால்களால் போடும் தடுப்பை, கார்டை, உடைத்துப் போவதில் பாதி வேலை மண்டியில்தான். இரண்டில் எதை விடுவது?

மே 12
கட்டிலில் உட்கார்ந்தபடி தம்பியின் கையில் கிமுரா என்கிற தோள்பூட்டைப் பிடித்துப் பார்த்தேன். அவன் மணிக்கட்டு என் ஒரு கையில், இன்னொரு கை அவன் மேல்கையைச் சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கும். கட்டைவிரலைப் பிரிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே பிடிக்க வேண்டும். அவன் முழங்கை செங்கோணத்தில் இருக்க, முதுகுப் பக்கம் மெதுவாகத் திருப்பினேன். உடனே தட்டினான்.

1951 அக்டோபர், மரக்கானா மைதானம். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹீலியோ கிரேசி தட்டவில்லை. இந்தப் பிடிக்குப் பெயர் தந்த ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா இதே பிடியில் அவர் கையை உடைத்தார், அப்புறமும் தட்டவில்லை. கடைசியில் அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசினார். முன்பெல்லாம் இதைப் படித்தால் புல்லரிக்கும். இப்போது அந்த அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 13
பின்தொடையா, முன்பக்கமா.

மே 15
குடியாத்தத்தில் இன்று கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீட்டில் எல்லோரும் போய்விட்டார்கள். பிளாஸ்க்கில் டீ, பக்கத்தில் ஊன்றுகோல். 1994 டிசம்பர், யுஎஃப்சி 4 என்கிற கலப்புச் சண்டைப் போட்டியின் இறுதிச் சண்டையை மறுபடி போட்டுப் பார்த்தேன். தன்னைவிட 35 கிலோவுக்கு மேல் கனமான டான் செவெர்னுக்குக் கீழே கால் மணி நேரம் கிடக்கிறார் ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி. தோற்றுவிட்டார் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அப்புறம் அவர் கால்கள் மெல்ல மேலே ஏறி ட்ரையாங்கிளாகப் பூட்டுகின்றன. செவெர்ன் தட்டுகிறார். அந்த இடம் வந்ததும் என் பின்தொடை தானாக இறுகியது, வலித்தது. இருந்தும் இறுகியதில் ஒரு சந்தோஷம்.

மே 16
என் முட்டியைத் திருப்பியவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

மே 19
கோச் அண்ணன் சத்துவாச்சாரியிலிருந்து வண்டியில் வந்தார், கையில் மாம்பழப் பை. இனிமேல் ப்ளூ பெல்ட்வரை யாருக்கும் ஹீல் ஹூக் கிடையாது, வெளியூர் ஆள் வந்தாலும் இதுதான் ரூல் என்று சுவரில் ஒட்டிவிட்டாராம். ஜவ்வு விஷயத்தைக் கேட்டேன். "மண்டி போடாம நின்னுகினே பாஸ் பண்ண நான் கத்துத் தரேன். ட்ரையாங்கிள உடாத" என்றார்.

மே 20
முன்பக்கம். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் தொடைச் சுற்றளவை டேப்பால் அளந்தார். வலது தொடை இடதைவிட நன்றாகவே மெலிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்பே சதையை ஏற்ற வேண்டுமாம்: காலை நீட்டி, முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி.

மே 22
அட்மிஷன் செவ்வாய்க்கிழமை. அதற்குள் இடது காலைக் கழுத்தில் போடும் பக்கத்தைத் தம்பிமேல் பழக முடியுமா என்று பிசியோவிடம் கேட்க வேண்டும். வலது முட்டி பூட்டுகிற பக்கமாக மட்டும் இருந்தால் திருகல் வராது என்று நினைக்கிறேன்.