கரப்பொத்தான் கால் நரம்பைக் கேட்டுப் பார்த்தது: இதுவரை

பெருக்கி ஒருவழியாக வேலை செய்கிறது. கரப்பொத்தானின் கால் நரம்பில் ஓடும் மின்துடிப்புகளை இப்போது ஸ்பீக்கரில் கேட்கலாம். பாக்யார்ட் பிரெயின்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்பைக்கர் பாக்ஸ் சுற்றுப்படத்தை ஒட்டித்தான் கட்டினேன். முன்னுக்குச் சின்னத் துடிப்பைப் பெருக்கும் ஏடி623 ஐசி, ஸ்பீக்கரை ஓட்ட எல்எம்386 ஐசி, இடையில் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைக்க 5.1 கிலோ ஓம் தடையியும் 0.1 மைக்ரோஃபரட் கொள்ளளவியும். இந்த வடிகட்டி 312 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும். ஐசி இரண்டும் கொழும்புப் புறக்கோட்டையில் இருந்து வந்தன. மற்றதெல்லாம் மாமாவின் பழுதான ரேடியோக்களில் கழற்றியது.

பெரிய தொல்லை 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். நரம்புத் துடிப்பு மைக்ரோவோல்ட் கணக்கு. சுவருக்குள் ஓடுவதோ 230 வோல்ட். ஸ்பீக்கரில் வந்த உறுமலைக் கேட்டு நான் துள்ளியபோது மாமா சிரித்தார். "தம்பி, இது கரண்டுச் சத்தம். கரப்பொத்தான்ர இல்ல." 9 வோல்ட் பற்றரிக்கு மாறி, மேசையில் இருந்த போன் சார்ஜரைக் கழற்றி, எல்லாவற்றையும் வெறும் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, தகரத்தைச் சுற்றின் பூமி முனையோடு இணைத்த பிறகுதான் உறுமல் அடங்கியது. வடிகட்டி மட்டும் போதாது. தகரம் கட்டாயம் வேண்டும்.

கரப்பொத்தானுக்குத் திருகோணமலை உப்புவெளியில் பஞ்சமில்லை. செந்நிறப் பெரிய இனம், பெரிப்ளனேட்டா அமெரிக்கானா. ஐஸ் தண்ணீரில் அசைவு நின்றபின் ஒரு காலை அடியோடு வெட்டி, றப்பர்ச் செருப்புத் துண்டில் வைத்து, உடலோடு ஒட்டியிருந்த இடுப்புத் துண்டில் பெருக்கியோடு இணைத்த ஒரு ஊசி, தொடையில் இன்னொரு ஊசி. குஞ்சுப் பருவத்தில் உள்ளதையே எடுக்கிறேன். தோலுரிக்கும்போது அதற்குக் கால் திரும்ப முளைக்கும். அம்மாவுக்கு இந்த நியாயம் எடுபடவில்லை. ஐஸ் கிண்ணத்தைத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டா.

வெட்டிய கால் ஏன் செத்துவிடுவதில்லை? பூச்சிகளில் உணர் நரம்புக் கலத்தின் உடல் காலுக்குள்ளேயே, உணரியின் பக்கத்தில் இருக்கிறது. ஒட்சிசனும் இரத்தம் வழியாக அல்ல, காற்றுக் குழாய்கள் வழியாகவே போகிறது. அதனால் மூளையும் இதயமும் இல்லாமலே கால் நெடுநேரம் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். யாரும் கேட்காத செய்தி.

முதல் நாள் தொடாமலே ஸ்பீக்கர் பொரிந்தது. யன்னலைச் சாத்தியதும் நின்றது. கச்சான் காற்று காலில் உள்ள மயிர்களை ஆட்டியிருக்கிறது. அதன்பிறகு யன்னல் பூட்டி, மின்விசிறி நிறுத்தி, வியர்க்க வியர்க்கத்தான் வேலை.

இனிச் சுவையான பகுதி. கீழ்க்காலில் உள்ள முள் ஒன்றைப் பல்லுக்குத்தியால் தட்டினால் தகரக் கூரையில் மழை தொடங்குவதுபோல் சடசடவென்று வரும், உடனே ஓயும். முள்ளை வளைத்தபடியே பிடித்திருந்தாலும் ஓய்ந்துவிடும். ஆனால் முட்களைத் தொடாமல், பாதத்தில் ஒட்டிய நூலை இழுத்து முழங்கால் மூட்டை மடக்கிப் பிடித்தால் முதலில் வேகமாக வந்து, பிறகு குறைந்த வேகத்தில் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. மூட்டை அசைய விடாமல் கீழ்க்காலைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினாலும் விடாமல் வருகிறது. ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. எந்தத் துடிப்பு எந்த உணரியினுடையது என்று இரண்டு ஊசியால் பிரிக்க முடியாது. ஆனால் எது ஓய்கிறது, எது ஓயாது என்பதைக் காது பிடித்துவிடுகிறது.

அழுத்தத்துக்கு வரும் அந்த ஓயாத சத்தத்தில் பெரும் பங்கு கரப்பொத்தானின் ஓட்டில் பதிந்த மணிவடிவ உணரிகளினுடையதாக இருக்க வேண்டும். ஓட்டின் மேல் நீள்வட்டமாகச் சின்ன மூடி, அதன் கீழ் ஒரு நரம்பு. ஓடு நெளியும்போது மூடி நசுங்கும். கேம்பிரிட்ஜில் பிரிங்கிள் என்பவர் 1938இல் இதைக் கரப்பொத்தானில்தான் கண்டார், முதலில் வாய்ப்பக்க உறுப்பில், பிறகு காலில். கீழ்க்காலில் இவை இரண்டு கூட்டமாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் பதிந்திருக்கின்றன. கால் மேல்நோக்கி வளைந்தால் ஒரு கூட்டம், கீழ்நோக்கி வளைந்தால் மற்றது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். நமக்கு எலும்பு உள்ளே, தசையிலும் தசைநாணிலும் உணரி. கரப்பொத்தானுக்கு ஓடே எலும்பு, அந்த ஓடே தராசு. காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது அதற்கு அப்படித்தான் தெரிகிறது. மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைச் சொல்ல வேறு உணரிகள்: தொடைக்குள் நீட்டிக் கட்டிய நாண் உறுப்பு, மூட்டு இடுக்குகளில் மயிர்த்தட்டு.

இதே மணி உணரிகள் இலையானிலும் நுளம்பிலும் பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் உள்ள குமிழ்த்தண்டின் அடியில் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கின்றன. பறக்கும்போது உடல் திரும்பினால் தண்டு நெளியும், பூச்சிக்குத் திருப்பம் தெரியும். அதை வெட்டினால் இலையானால் நிதானமாகப் பறக்க முடியாது என்று டெர்ஹம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1714இலேயே எழுதிவிட்டார். காரணத்தை விளக்கியது, திரும்பவும் பிரிங்கிள், 1948இல்.

அடுத்து, வாடை மழை தொடங்கியதும் விளக்கடிக்கு வரும் நெடுங்கால் ஈக்களில் அந்தத் தண்டைப் படம் பிடிக்க வேண்டும். அவற்றில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதுவரை காலில் இன்னொரு வேலை இருக்கிறது. நூலின் மறுமுனையில் சிறு காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, பாரம் கூடக்கூடத் துடிப்பு வேகம் எப்படிக் கூடுகிறது என்று வரைபடம் போடப் போகிறேன். மில்லிகிராம் தராசு கையில் இல்லை. ஏ4 தாள் சதுரமீற்றருக்கு 80 கிராம் என்பதால், ஒரு சதுர சென்ரிமீற்றர் துண்டு 8 மில்லிகிராம். தாளும் கத்தரிக்கோலும் தயார்.