நுழைநீர் 34.8

மே 11, 2025

இரவுப் பணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் மூன்று எண்கள் எழுத வேண்டும்: கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் ஆலைக்குள் நுழையும் நீரின் வெப்பம், உப்பு, கலங்கல். கணினி தானாகப் பதிகிறதுதான். ஆனாலும் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மேற்பார்வையாளருக்குத் தூக்கம் வரும். இன்று 29.6 பாகை. அபுதாபிக்கு இது இளவேனில்.

ஆகஸ்டில் இதே இடத்தில் 35 எழுதுவேன். தூத்துக்குடியில் அப்பா சங்கு குளித்த பவளப் பார்களில் நீர் 31, 32 ஆகி அப்படியே நின்றாலே பவளம் வெளுத்துவிடும். இங்கே கடலுக்குள் பவளம் உயிரோடு இருக்கிறது. பத்தொன்பது வருடமாக எண்ணை எழுதுகிறேன். எண்ணுக்குள் வாழ்வது எது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

மே 18

மனைவியும் மகளும் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். கஸ்ர் அல் ஹோஸ்ன் கோட்டையைப் பார்க்கப் போனோம். முன்பு பூசியிருந்த வெள்ளைப் பூச்சை உரித்துவிட்டதால் சுவரின் பழைய கற்கள் தெரிகின்றன. எல்லாம் கடலிலிருந்து எடுத்த பவளக் கற்கள். ஒன்றில் தேன்கூடு போலக் குழிகள். பக்கத்துக் கல்லில் வளைந்து வளைந்து ஓடும் வரிகள். மகள் விரலால் அந்த வரியைப் பின்தொடர்ந்துகொண்டே போனாள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரும் இதே சரக்குதான்.

வெளியே வெயிலுக்கு வந்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. "உங்களுக்கு மட்டும் எப்படி அப்பா ஒன்றும் ஆகவில்லை?"

"பழகிவிட்டது அம்மா."

"அப்படியானால் இந்தக் கடலில் இருக்கும் பவளமும் பழகிவிட்டதா?"

ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பெண். எனக்கே அந்த ஆமாமில் நம்பிக்கை இல்லை.

ஜூன் 8

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் சொன்ன பதில் தவறு.

20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. இந்தப் பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழமே 35 மீட்டர்தான். அப்போது இங்கே கடலே இல்லை. டைகிரிசும் யூப்ரடீசும் கலந்த ஆறு இந்தப் பள்ளத்தாக்கு வழியே ஹோர்முஸ் நீரிணை வரை ஓடியது. பனி உருகிய பிறகு இந்தியப் பெருங்கடல் மெல்ல உள்ளே ஏறி வந்தது. இன்றைய கரை அமைந்தது ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்புதான். நம் ஊர்க் கடலோடு ஒப்பிட்டால் இது நேற்று தோண்டிய குளம்.

ஆக இங்குள்ள பவளமெல்லாம் வந்தேறிகள், என்னைப் போல. ஆனால் என் பழக்கம் என் உடம்போடு முடிந்துவிடும். மகளுக்கு ஒரு துளிகூடப் போகவில்லை, நேரிலேயே பார்த்தேன். பவளத்துக்கு வெப்பம் தாங்கும் குணம் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போயிருக்கிறது. அதற்குப் பெயர் பழக்கம் இல்லை.

ஜூன் 9

நுழைவாய் வலையில் ஒரு டன் சொறி மீன் (ஜெல்லி மீன்). பொழுது அதிலேயே போயிற்று.

ஜூன் 22

பவளம் ஓர் உயிர் இல்லை, இரண்டு. விலங்கின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருந்து, வெயிலில் சமைத்த சர்க்கரையை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. நீர் அதிகமாகச் சுட்டால் குடித்தனம் கெட்டு, பாசி வெளியேறிவிடும். நிறம் கொடுத்ததும் அதுதான் என்பதால் பவளம் வெளுக்கிறது.

வளைகுடாவின் தென்பகுதிப் பவளங்களில் குடியிருக்கும் பாசிக்கு 2015-இல்தான் பெயர் வைத்தார்கள். தெர்மோபைலம், அதாவது வெப்ப விரும்பி. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தாரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தாரும் சேர்ந்து செய்த வேலை. இது வளைகுடாவின் வெப்பத்தில் புதிதாக உருவான வகை என்றுதான் நானாக இருந்தால் நினைத்திருப்பேன். அவர்கள் வெளியே தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஓமான் வளைகுடாவிலும் செங்கடலிலும் அதன் சொந்தக்காரர்கள் மிக மிக அரிதாக, மற்றப் பாசிகளின் கூட்டத்தில் ஒளிந்து கிடந்தார்கள். அவர்களின் மரபணு வேறுபாடுகள் இந்தக் கடல் நிரம்புவதற்கு முந்தியவை.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று அம்மா சொல்வாள். வெப்பம் எதையும் சமைக்கவில்லை, அகப்பையாகத்தான் இருந்திருக்கிறது. அங்கே எவரும் சீந்தாமல் கிடந்த வகை, இங்கே கடல் சூடேறியபோது மற்றவை கழிந்துபோக, வீட்டுக்கு வீடு குடியேறிவிட்டது. சில ஆயிரம் ஆண்டுகளில் இது நடந்ததென்றால், புதுச் சரக்குக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஜூலை 13

அப்படியானால் எல்லாப் பெருமையும் பாசிக்குத்தானா? வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லையா? இதற்கும் பதில் இருக்கிறது, அழகான பதில்.

கோட்டைச் சுவரில் மகள் விரல் ஓடிய வரிகள் போன்ற வரியுடைய மூளைப் பவளம் ஒன்று ஹோர்முஸுக்கு உள்ளேயும் வாழ்கிறது, வெளியேயும் வாழ்கிறது. வெளிக்கடல் தாய்களின் முட்டையோடு, உள்ளே இருக்கும் தந்தைகளின் விந்தைக் கலந்து குஞ்சு எடுத்தார்கள். 2021-இல் வெளியான ஆய்வு. இந்த வகையில் குஞ்சுகள் பாசி இல்லாமலேயே பிறக்கும். பிற்பாடு கடலிலிருந்துதான் பிடித்துக்கொள்ளும். அவற்றைச் சுடுநீரில் விட்டபோது, வெளிக்கடல் தாய்க்கும் வெளிக்கடல் தந்தைக்கும் பிறந்தவற்றைவிட 84 சதவீதம் வரை கூடுதலாகப் பிழைத்தன. விந்து வழியாகத் தந்தை தருவது பெரும்பாலும் மரபணு மட்டுமே. பாசியின் பங்கு இதில் துளியும் இல்லை.

வெப்பத்தைத் தாங்க உதவும் புரதங்கள், நோய் எதிர்ப்பு என்று மரபணுத் தொகுதியின் பல இடங்களில் இதற்கான தடயம் சிதறிக் கிடக்கிறதாம். இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. வளைகுடாவையே பார்க்காத சில வெளிக்கடல் குடும்பங்களும் வியப்பூட்டும் அளவுக்கு வெப்பத்தைத் தாங்கின. மறுபடியும் சட்டி.

ஆகஸ்ட் 9

நுழைநீர் 34.8. ஆறு நாளாக ஷமால் வீசவில்லை.

வடமேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றைத் திட்டாதவர் இங்கே இல்லை, கண்ணெல்லாம் மணல். ஆனால் கடலுக்கு அதுதான் விசிறி. மண்பானை வெளியே வியர்ப்பதால் உள்ளே குளிர்கிறதே, அதேபோலக் காற்று அடித்து ஈரம் ஆவியானால்தான் கடல் கொஞ்சம் சூடு தணியும். 2017 கோடையில் காற்று ஓய்ந்துவிட்டது. அபுதாபிப் பாறைகளில் உயிருள்ள பவளத்தின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு அடுத்த ஆண்டுக்குள் போய்விட்டது. அந்த ஆகஸ்டிலும் இதே மேசையில் உட்கார்ந்துதான் எண் எழுதியிருக்கிறேன்.

உலகிலேயே அதிக வெப்பம் தாங்கும் பவளம் என்ற பட்டத்தோடு செத்தவை அவை. 1996-லும் அப்படித்தான், மான்கொம்பு வகை இங்கே ஏறக்குறையத் துடைத்தெடுக்கப்பட்டது. தாங்கும் எல்லையை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செதுக்கின. கடல் அதைத் தாண்ட ஓரிரு வாரம் போதும். "தகவமைந்துவிட்டன, கவலை இல்லை" என்று ஆறுதல் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

காலை நான்கு மணி: 35.1.

ஆகஸ்ட் 17

மகள் போனில். நான் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அந்தப் பாசியை மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவந்து விட்டால் என்ன அப்பா?"

நானும் அதைத்தான் தேடியிருந்தேன். இங்கே கடல்நீரில் லிட்டருக்கு 44 கிராம் உப்பு; நம் பக்கம் 35. இந்தப் பாசியைச் சுமந்த பவளத்தைச் சாதாரண உப்பளவுள்ள நீரில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார்களாம். தாங்கும் சக்தி போய்விட்டது. உப்புக்கும் வெப்பத்துக்கும் சேர்த்தே தேர்வானவை, ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது போலிருக்கிறது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உங்கள் ஆலையில் நாள்முழுக்க உப்பைத்தானே பிரித்துத் திரும்பக் கடலில் கொட்டுகிறீர்கள்? அதில் ஒரு மூட்டை கட்டி அனுப்புங்கள்."

எடைக்கு விமானக்காரன் என்ன கேட்பான் என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். நேற்று மாலையிலிருந்து காற்று. 33.9.