மேட்டூர் மட்டம் பார்த்து வலை போடு

சேலத்துப் பக்கம் ஏரி மீன் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருவர் ஏற்காட்டை இழுப்பார். ஏற்காடு ஏரியில் ட்ரவுட் விட்டால் வளராதா என்று கேட்பார். வளராது. ட்ரவுட்டுக்குப் 10 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 25 டிகிரியைத் தொட்டால் செத்து மிதக்கும். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் 2000 மீட்டர் உயரம், ஓடை நீர், அங்கே பிழைக்கிறது. ஏற்காடு 1500 மீட்டர்தான், அதிலும் தேங்கிக் கிடக்கிற தண்ணீர். சித்திரை வெயில் ஒன்று போதும். சேலம் மாவட்டத்தில் பரிசலேறி மீன் பிடிக்கிற பெரிய தண்ணீர் என்றால் அது மேட்டூர்தான்.

1934-இல் கட்டி முடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கனஅடி), நிரம்பி நின்றால் பரப்பு 153 சதுர கிலோமீட்டர். இந்த எண்களெல்லாம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் வலை போடுகிறவருக்கு இவற்றை வைத்து ஒரு கணக்கு உண்டு. காலையில் பேப்பரில் வருகிற நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றும் டெல்டா விவசாயிக்கு மட்டும் வேண்டிய செய்தி என்று நினைப்பது தப்பு.

கணக்கு இதுதான். வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. அணை நிரம்பியிருக்கும்போது ஒரு டி.எம்.சி. என்பது மட்டத்தில் சுமார் 7 அங்குலம். மட்டம் 60 அடிக்கு இறங்கிவிட்டால் பரப்பு சுருங்கிவிடும். அதே ஒரு டி.எம்.சி. அப்போது ஓர் அடிக்கு மேல். ஆக, பாசனத்துக்கு 12,000 கனஅடி திறந்துவிட்டு வரத்து ஒன்றும் இல்லையென்றால், சாயங்காலம் போட்ட வலைக்கும் காலையில் எடுக்கிற வலைக்கும் நடுவில் தண்ணீர் நாலு அங்குலமாவது, மட்டம் கீழே இருந்தால் அரை அடிக்கு மேலும் இறங்கியிருக்கும். அரை அடிதானே என்று தோன்றும். பண்ணவாடிப் பக்கம் கரை சட்டி மாதிரி படுத்துக் கிடக்கும் இடங்களில் 50 அடி தூரத்துக்கு ஓர் அடி சரிவுதான் இருக்கும். அங்கே அரை அடி இறங்கினால் 25 அடிக் கரை வெளியே வந்துவிடும். கரையோரமாகப் போட்ட வலையின் பாதி சேற்றில் கிடக்கும், நாய் மீனைத் தின்றுகொண்டிருக்கும்.

ஏறுகிற தண்ணீர் இதைவிட மோசம். ஒரு லட்சம் கனஅடி வரத்து என்றால் ஒரு நாளைக்கு 8.64 டி.எம்.சி. நிரம்பும் தறுவாயில் இருந்தாலும் 5 அடி ஏறும். அணை காலியாக இருக்கும்போது வந்தால் 10 அடியைத் தாண்டும். 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த மட்டம் அந்த மாதக் கடைசியில் 120-ஐத் தொட்டது. அந்த மாதிரி நாட்களில் அடியில் போட்ட வலையின் அடையாள மிதவை தண்ணீருக்குள் மூழ்கிப்போகும், வலை எங்கே என்று தேடவே முடியாது. அதனால் மிதவைக் கயிறு எப்போதும் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். கர்நாடக எல்லையில் காவிரி நீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் அளவு ஏறுகிறது என்று செய்தி வந்தாலே இன்னும் 15 அடி சேர்த்துக் கட்ட வேண்டும். வரத்து 50,000-த்தைத் தாண்டினால் வலையே போடாதீர்கள் என்பது என் கட்சி. மரக்கட்டையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து வந்து வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு, அந்தப் புது வெள்ளத்தில்தான் சினைக் கெண்டை எதிரேறிப் போகும். அதைப் பிடித்தால் அடுத்த வருஷத்து மீனைப் பிடித்த மாதிரி.

பரிசலைப் பற்றி. மூங்கில் பிளாச்சைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பில் கனமான வளையம் கட்டி, வெளியே பிளாஸ்டிக் சாக்குத் துணி போர்த்தித் தார் பூசுகிறார்கள். முன்பு தோல் போர்த்துவார்கள். இப்போது ஃபைபரும் வந்துவிட்டது. ஃபைபருக்குப் பராமரிப்பு குறைவு, ஆனால் கல்லில் மோதி விரிசல் விட்டால் கரையில் உட்கார்ந்து சரிபண்ண முடியாது. தார்ப் பரிசல் ஒழுகினால் ஒரு துண்டு சாக்கும் கொஞ்சம் தாரும் இருந்தால் அரை மணியில் முடிந்தது. தாரைப் புகைகிற அளவுக்குக் காய்ச்சிப் பூசினால் சாக்கு சுருங்கி ஓட்டை விழும். இளகி வழிகிற பதம் போதும். தடிமனாக ஒரே பூச்சாகவும் பூசக் கூடாது, வெயிலில் காய்ந்து வெடிக்கும். மெல்லியதாக இரண்டு கை. பூசி முடித்ததும் கவிழ்த்து வைத்து, உள்ளே தலையை விட்டு வெளிச்சம் எங்கே வருகிறது என்று பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

ஏழடி விட்டமுள்ள பரிசலுக்கு இரண்டு ஆள், 300 மீட்டர் வலை, திரும்பி வரும்போது மீன். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. தண்ணீர் இறைக்க அடிப்பக்கம் வெட்டின ஐந்து லிட்டர் கேன் ஒன்று. ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை. அதைப் போட்டால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். போக வேண்டிய திசையைப் பார்த்து விளிம்பை ஒட்டிக் குந்தி, துடுப்பை எட்டி ஊன்றித் தண்ணீரைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி.

காற்றுதான் ஆளைக் கொல்லும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று. கொளத்தூர், கோட்டையூர், பண்ணவாடி எல்லாம் மேற்குக் கரை. பின்னால் மலை மறைப்பதால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். பார்த்துவிட்டு இறங்கினால் 200 மீட்டர் போனதும் காற்று பிடித்துக்கொள்ளும். பரிசலை நடுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டே போகும், துடுப்பால் எதிர்த்து வர முடியாது. கரையில் நின்று தண்ணீரைப் பார்க்காதீர்கள், தூரத்தில் அலை நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அன்றைக்கு வலை வீட்டில் இருக்கட்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் காற்றோடு மல்லுக்கட்டாமல் எதிர்க் கரைக்கு, நாகமரைப் பக்கம், தள்ளிக்கொண்டு போக விட்டுவிட வேண்டும். பரிசல் கவிழ்ந்தாலும் அதை விடக் கூடாது. கவிழ்ந்த மூங்கிலும் மிதக்கும்.

வலை. கண்ணியை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுக்கு முடிச்சு அளப்பதுதான் கண்ணி அளவு. கடைக்காரர் சில சமயம் ஒரு பக்க நீளத்தைச் சொல்வார், கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கேட்டதைப் போல இரண்டு மடங்குக் கண்ணி வீட்டுக்கு வரும். 100 மில்லிமீட்டர் கண்ணியின் சுற்றளவு 200. உடம்பின் பெருத்த இடத்தில் சுற்றளவு 250 மில்லிமீட்டர் உள்ள மீன்தான் அதில் செவுளோடு இறுகும், அதாவது கட்லா, ரோகுவில் ஒரு கிலோ சுற்று வட்டாரம். சின்னது நுழைந்து போய்விடும், பெரியது முட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஜிலேபிக்கு 60, 70 போதும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன், இன்றைக்கு இது இல்லாத குளம் கிடையாது. சந்தையில் விலை கம்மி, ஆனால் வலையை வெறுமனே விடாது.

தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலையை வாங்கின நீளத்துக்கே கயிற்றில் கட்டக் கூடாது. 100 மீட்டர் வலையை 50 மீட்டர் மேல்கயிற்றில் தளர்வாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். விறைப்பாகக் கட்டின வலையில் மீன் செவுளில் மாட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தளர்வாக இருந்தால் மீனின் துடுப்பு முள், வாய் எல்லாம் சுற்றிக்கொள்ளும். இப்படிக் கட்டும்போது உயரமும் கொஞ்சம் குறையும்: 100 மில்லிமீட்டர் கண்ணி 50 இருந்தால் இழுத்த உயரம் 5 மீட்டர், தண்ணீரில் நிற்பது 4.3 மீட்டர்.

மிதவைக்குப் பழைய ஹவாய்ச் செருப்பை வெட்டின துண்டே சிறப்பு. தெர்மோகோல் ஆழத்தில் நசுங்கித் தண்ணீர் குடித்துவிடும். கட்லா மேல்தண்ணீர் மீன், அதற்கு மிதவை அதிகம், ஈயம் கம்மி. மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில் மேயும், அதற்கு ஈயம் அதிகம். ரோகு இரண்டுக்கும் நடுவில். சரியாக இருக்கிறதா என்று பார்க்க அணைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து, ஒரு மீட்டர் வலைக்கு உண்டான மிதவையையும் ஈயத்தையும் கட்டிப் போட்டால் மிதக்கிறதா மூழ்குகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் மூன்று, நாலு கிலோக் கல். இரும்பு நங்கூரம் வேண்டாம். மூழ்கின பனைமரக் கட்டையில் கொக்கி மாட்டினால் கயிற்றை அறுப்பதைத் தவிர வழியில்லை. தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியுமே, அப்போது கரையில் நடந்து எங்கெங்கே சுவர், எங்கெங்கே கட்டை என்று பார்த்து வைத்துக்கொள்கிறவர் நிரம்பின அணையில் வலை கிழிக்க மாட்டார்.

போடுவது சாயங்காலம் ஐந்துக்கு மேல். காற்று வரும் பக்கத்து முனையில் கல்லை இறக்கிவிட்டு, காற்று பரிசலைத் தள்ளத் தள்ள வலையை விட வேண்டும். ஒருவர் துடுப்பு, ஒருவர் வலை. மிதவைக் கயிறு ஒரு பக்கம், ஈயக் கயிறு ஒரு பக்கமாகச் சாக்கில் அடுக்கியிருந்தால் சிக்காமல் இறங்கும். வலை விடுகிறவர் பொத்தான் வைத்த சட்டை போடக் கூடாது, மெட்டி, அரைஞாண் சாவி எதுவும் கூடாது. ஒரு பொத்தான் கண்ணியில் மாட்டினால் வலையோடு ஆளும் போவார். கை எட்டுகிற இடத்தில் ஒரு கத்தி. எடுக்கும்போது நேர்மாறு: காற்று போகும் பக்கத்து முனையிலிருந்து ஆரம்பித்து, வலையைப் பிடித்து இழுத்தபடியே காற்றுக்கு எதிரே போனால் வலை பரிசலுக்கு அடியில் போகாது.

பௌர்ணமியை ஒட்டி வலை நன்றாக விழாது, தங்கூசி நிலவில் மின்னுவதை மீன் பார்த்துவிடுகிறது. அமாவாசைப் பக்கம் விழும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடு. எட்டு மணிக்கு மாட்டின மீன் விடியும்போது வயிறு இளகிச் செவுள் வெளுத்திருக்கும். நடுராத்திரி ஒரு தடவை வலை பார்ப்பது அலுப்புதான், ஆனாலும் மேல். எடுத்த மீனுக்குக் கிலோவுக்குக் கிலோ உடைத்த ஐஸ்.

மீனைக் கழற்றுவதில் அவசரம் ஆகாது. செவுள் வரை போன மீனைப் பின்னால் இழுத்தால் செவுள் கிழிந்து ரத்தம் கொட்டும், விலை போகாது. நுழைந்த திசையிலேயே முன்னால் தள்ளி எடுக்க வேண்டும். சாதாக் கெண்டையின் முதுகு முள் ரம்பம் மாதிரி, கண்ணியைச் சுற்றிக்கொள்ளும். கெளுத்திக்கு முதுகிலும் இரண்டு பக்கமும் முள். குத்திவிட்டால் கை தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் கடுப்பு குறையும். மூன்று முள்ளும் கையில் படாமல் தலையை அழுத்திப் பிடிப்பது பழக்கத்தில்தான் வரும்.

உரிமம் இல்லாமல் வலை போடக் கூடாது, மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அணைச் சுவர், மதகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே குற்றம்.

தண்ணீர் பச்சையாகி நாற்றம் அடிக்கிற மாதங்களில் வலை ஒரே ராத்திரியில் பாசி பிடித்துத் துணி மாதிரி ஆகிவிடும், மீனுக்கு நன்றாகத் தெரியும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்பு போடாதீர்கள். நிழலில் கொடி கட்டி உலர்த்துங்கள், வெயில் தங்கூசியை நொறுங்க வைக்கும். பொத்தலை அன்றன்றைக்கே முடிந்துவிடுங்கள். சாக்கில் போட்டு மூலையில் வைத்தால் மீன் வாசனைக்கு எலி வரும். விட்டத்தில் தொங்க விடுங்கள்.