டிஸ்கஸ் குஞ்சுகளின் வகை அறிய ஆறு மாதம்

டிஸ்கஸ் என்னும் தட்டையான அலங்கார மீனின் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற பினாங்கில் இருந்துகொண்டு, பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய கடையின் கலப்புத் தொட்டியில் கிடந்த இரண்டு அங்குலக் குஞ்சுகள் ஆறினை வாங்கி வந்தேன். "எல்லாமே ரெட் டர்க்காய்ஸ் வகைதான்" என்றார் கடை முதலாளியான தவுக்கே. ஐந்து வெறும் பழுப்பாகவும் ஒன்று மட்டும் பளிச்சென்ற நீலமாகவும் இருந்ததால், அவர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

முதல் இரண்டு மாதங்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிறத்தைக் குறித்து வைத்தேன். அந்தப் பக்கங்களை எல்லாம் பிறகு அடித்துவிட்டேன். ஏனென்றால் காலையில் கருத்திருந்த மீன் மாலையில் வெளிறியது, இறால் கலந்த தீனியைத் தொடங்கியதும் எல்லாமே சிவப்பேறின. இறாலில் உள்ள அஸ்டாசாந்தின் என்ற நிறமி தரும் சிவப்பை வகையின் அடையாளமாக எடுத்துக்கொள்வது சரியல்ல.

அதன் பின்னர் கோடுகளை எண்ணத் தொடங்கினேன். சாதாரண டிஸ்கஸின் உடலில், கண்ணின் மேல் செல்வதில் தொடங்கி வாலின் அடிவரை ஒன்பது செங்குத்துக் கோடுகள் உண்டு. அமைதியாக இருக்கும்போது மங்கிவிடும் இவை, மீன் மிரண்டால் கருத்து எழும். ஆகவே விடியுமுன் விளக்கைச் சட்டென்று போட்டுக் கைப்பேசியில் படம் எடுத்தேன். மீனுக்கு இது தொல்லை என்பதால் வாரம் ஒருமுறைக்கு மேல் செய்யவில்லை.

மூன்று மீன்களில் ஒன்பது கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. நாளடைவில் அவற்றின் செம்பழுப்பு உடல் முழுவதும் நீல நெளிவுகளும் படர்ந்தன. அவை ரெட் டர்க்காய்ஸ்தான்; தவுக்கே சொன்னது பாதி உண்மை! நான்காவது மீனின் கோடுகள் மெல்லியவையாகவும் நெருக்கமாகவும் இருந்ததால், படத்தைப் பெரிதாக்கி மூன்று முறை எண்ணினேன்: பதினான்கு. அது, வழக்கத்தைவிடக் கூடுதல் கோடுகள் கொண்ட ஸ்னேக்ஸ்கின் வகை.

ஐந்தாவதற்கு, எவ்வளவு மிரண்டாலும் கோடே எழவில்லை. துடுப்போரத்தில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள் மட்டும் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து பரவிய பிஜன் பிளட் வகைக்கு இந்த மிளகுப்புள்ளிதான் முத்திரை. அழகுக்காகத் தொட்டியின் பின்னால் நான் ஒட்டியிருந்த கருப்புத்தாள் அந்தப் புள்ளிகளைப் பெருக்கிவிட்டதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். வெளிர்நீலத் தாளுக்கு மாற்றிய மூன்று வாரங்களில் அவை குறைந்தன, முற்றிலும் மறையவில்லை.

ஆறாவதுதான் அந்த நீல மீன். ஆசைப்பட்டு முதலில் கைகாட்டியதும் அதைத்தான். இரண்டு அங்குலத்திலேயே முழு நிறம் காட்டும் குஞ்சுக்கு ஹார்மோன் கொடுத்திருக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டே மாதங்களில் நீலம் வடிந்து பழுப்பானது. இப்போது ஒன்பது கோடுகள் தெரிகின்றன. நெற்றியிலும் துடுப்புகளிலும் மட்டும் நீலக்கீற்று திரும்பியிருக்கிறது. அது உடலுக்கும் இறங்கினால் டர்க்காய்ஸ், அங்கேயே நின்றுவிட்டால் சாதாரணப் பழுப்பு டிஸ்கஸ். முழு நிறம் வர ஒரு வயதாவது ஆக வேண்டும் என்பதால், குறிப்பேட்டில் அதன் எதிரே வகையை எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன்.