கொப்பியின் கடைசிப் பக்கம்

இன்று பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கொப்பியை நீட்டினாள். "அக்கா, இந்தக் கணக்குச் சரியா?"

ஒரு பக்கம் தனியார் தாதியர் பட்டத்துக்கான கட்டணம், கடன் வட்டி. மறுபக்கம் முதல் மாதச் சம்பளம். கீழே சிவப்புப் பேனையால், "அம்மாவின் தங்கக் காப்பு".

அந்த வரியைத் தாண்டிப் படிக்க என்னால் முடியவில்லை.

அரச தாதியர் கல்லூரியில் படிக்கும் 3 வருடமும் மாதக் கொடுப்பனவு உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டத்துக்குக் கட்டணமே இல்லை. உயர்தரப் பரீட்சையில் எடுத்த இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் தரப்புள்ளி) போதுமென்றால் முதலில் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றேன்.

சம்பளத்தை அப்படியே எழுதாதே பிள்ளை, கடன் தவணையும் வாடகையும் கழித்து எழுது. வெளிநாட்டுச் சம்பளத்தை இப்போதே வரவில் போடாதே. அங்கே ஆங்கிலப் பரீட்சை, பதிவு எல்லாம் தாண்ட வேண்டும்.

சரி என்றாள். அப்புறம் பேனையை எடுத்து, காப்பு இருந்த வரியை மெதுவாக வெட்டினாள்.