பிளஸ் டூ முடித்து டூரிசம் படித்தேன்

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தான் போகிற வெளிநாட்டுக்காரர்கள் வழியில் எங்கள் கோட்டை முன்னால் வண்டியை நிறுத்துவார்கள். படம் எடுப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். கோட்டை நிற்கிற அதே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கம் பக்கமாகக் குடைவரைக் கோயில் இருப்பதை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. சின்ன வயதிலிருந்து அது எனக்கு ஒரு குறை. 2022இல் பிளஸ் டூ காமர்ஸ் முடித்ததும், டிராவல் அண்ட் டூரிசம் டிப்ளமோ படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா பி.காம். ஃபாரம் வாங்கி வைத்திருந்தார். "ஊர் சுத்துறதுக்கு ஒரு படிப்பா?" என்றார் அம்மா. ஒரு வருடம்தான், சரிவராவிட்டால் பி.காம். போகிறேன் என்று சம்மதிக்க வைத்து, திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன்.

நோட்டீஸில் விமானப் பணிப்பெண் படமும் "ஏர்போர்ட் வேலை உறுதி" என்ற வரியும் இருந்தன. பணம் கட்டிய பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அதைவிட என்னை வருத்தியது வேறு. டிக்கெட் போடும் அமேடியஸ் மென்பொருளை முதல் நான்கு மாதம் போர்டில் எழுதித்தான் நடத்தினார்கள். சேரப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: பயிற்சிக்கு லாகின் உண்டா, எத்தனை பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்? லேபைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாகவே ஒரு வருட டூரிசம் டிப்ளமோ படிக்கலாம். டிகிரி வேண்டுமென்றால், மத்திய அரசின் சுற்றுலாக் கல்வி நிறுவனமான ஐஐடிடிஎம் குவாலியர், நெல்லூர் போன்ற ஊர்களில் பிபிஏ நடத்துகிறது. இதெல்லாம் எனக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிய வந்தது.

பாடம் பிடித்திருந்தது. சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இஸட், மதுரைக்கு ஏனோ ஐஎக்ஸ்எம் என்று ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகள். அப்புறம் ஆல்ஃபா, பிராவோ, சார்லி. போனில் பெயர் சொல்லும்போது எம் (M), என் (N) போன்ற எழுத்துகள் குழம்பாமல் இருக்க, எழுத்துக்கு ஒரு சொல். தினமும் புதுக்கோட்டை பஸ்ஸில் வரும்போது, ஜன்னலில் தெரிகிற கடைப் பெயர்களையெல்லாம் அப்படி உடைத்து உடைத்துச் சொல்லிப் பார்ப்பேன்.

ஜனவரியில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் கைடாகப் பேச வேண்டும். ராஜராஜன் 1010இல் முடித்த கோயில், 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று நன்றாகத்தான் ஆரம்பித்தேன். கடைசியில், "இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்றேன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. சார் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். காலை எட்டு மணி இருக்கும். முருகன் சன்னதிப் பக்கம் பிரகாரத்துக் கல்லில் நிழல் நீளமாகக் கிடந்தது. என்னை அதற்குள் போய் நிற்கச் சொன்னார். கல் காலில் சில்லென்று இருந்தது. இரண்டடி தள்ளினால் வெயில். "உன்னை நம்பி வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொல்லும்மா. இந்தக் கோயிலுக்குப் பொய் தேவையில்லை" என்றார். அன்று ராத்திரியே என் நோட்டை எடுத்து, எங்கே படித்தேன் என்று தெரியாத வரிகளையெல்லாம் அடித்தேன். மூன்று பக்கம் போயிற்று.

கடைசி மூன்று மாதம், மத்திய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிராவல் ஏஜென்சியில் பயிற்சி. வருகிறவர்களில் பாதிப் பேர் அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள். சிங்கப்பூரில் இருக்கிற மகளைப் பார்க்க ஒரு அப்பத்தா வந்தார். பாஸ்போர்ட்டை மஞ்சள் பைக்குள் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். அதில் ஒரே பெயர், குடும்பப் பெயருக்கான இடம் காலி. நம் ஊரில் இனிஷியல்தானே உண்டு. ஆனால் அமேடியஸில் குடும்பப் பெயர், சாய்கோடு, சொந்தப் பெயர் என்றுதான் அடிக்க வேண்டும். நான் ஆதாரைப் பார்த்து அவர் கணவர் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு டிக்கெட்டும் அடித்துவிட்டேன். அங்கே இருந்த அக்கா பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டில் இருந்தால் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கே அடித்தது என்பதால் வாய்டு, அதாவது ரத்து, செய்ய முடிந்தது. ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. கேட்டுத் திரும்ப அடித்தோம். அப்பத்தா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இது சின்ன விஷயமில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் அப்பா பெயரையாவது குடும்பப் பெயராகப் போட்டு எடுங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பி.காம். தபாலில் படிக்கிறேன், அப்பாவுக்கும் திருப்தி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:30 என்று இருந்தால், 15 ராத்திரி பெட்டியோடு வந்து நிற்கிறவர்கள் உண்டு. அதற்குள் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அதனால் டிக்கெட்டின் பின்பக்கம் தமிழில் என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்: "14ஆம் தேதி சாயங்காலமே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்."