சாணத்தில் வேலைசெய்யும் பங்கசு

கொழும்பைப் போன்று ஈரமும் வெப்பமும் நீங்காத ஊரில், அடைத்து வளர்க்கப்படும் மான்களுக்கும் ஆடுகளுக்கும் வயிற்றுப் புழுக்களுக்கான மருந்து கொடுத்தால் மட்டும் போதும் என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் என்னும் வட்டப்புழுவின் பெண் ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது. அவை சாணத்தோடு வெளியேறி, இங்குள்ள வெப்பத்தில் ஒரு வாரமளவில் தொற்றக்கூடிய குடம்பிகளாகி, அதாவது இளம்புழுக்களாகி, புல்லில் ஏறிவிடுகின்றன. காட்டு மான்கள் தம் சாணத்தை விட்டு நகர்ந்துவிடும். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையைப் போல நகருக்குள் அமைந்த பட்டியில் அதற்கு வழியில்லை. மரத்து இலைகளைத் தின்னும் ஒட்டகச்சிவிங்கிகூட, அடைப்பில் குனிந்து புல் மேயும்போது இப்புழுவுக்கு ஆளாகிறது. ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத புழுக்களோ உலகெங்கும் பெருகிவிட்டன.

டடிங்டோனியா ஃபிளாக்ரன்ஸ் என்ற பங்கசு எனக்கு நம்பிக்கை தருவது இந்த இடத்தில்தான். தடித்த சுவருடைய அதன் வித்திகளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால், அவை சமிபாட்டுக்குத் தப்பிச் சாணத்தில் வந்து முளைத்து, ஒட்டும் இழைகளால் வலை பின்னி, அங்கே நெளியும் குடம்பிகளைப் பிடித்து, உடலைத் துளைத்து உட்புகுந்து உண்கின்றன. விலங்கைப் பிடித்து மயக்க வேண்டியதில்லை என்பது, கைபட்டாலே மிரளும் மான்களைப் பராமரிப்போருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! அவுஸ்திரேலியாவில் பயோவேர்மா என்ற பெயரில் விற்கப்படும் தயாரிப்பில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளாந்தம் 30,000 வித்திகள் என்பது அளவு. ஆனால் உடலுக்குள் இருக்கும் புழுவை இது தொடாது. ஆகவே நோயுற்ற விலங்குக்கு மருந்து வேண்டியதே.

முட்டைகளையே அழிக்கும் மியூகோர் சேர்சினெல்லொயிடீஸ் என்ற இன்னொரு பங்கசையும் ஸ்பெயின் ஆய்வாளர்கள் இதனோடு சேர்த்துப் பயன்படுத்தியுள்ளனர். எதிர்ப்புச் சக்தி குன்றிய மனிதரை அந்த இனம் தாக்கக்கூடியது என்பதால், நாளும் சாணம் அள்ளும் தொழிலாளரின் பாதுகாப்பை உறுதிசெய்யாமல் அதை இங்கு கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன்.

டடிங்டோனியாவை மட்டுமாவது, மழை தொடங்குமுன் ஒரு மான் பட்டியில் கொடுத்து, கொடுக்காத பட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது சாணத்திலுள்ள முட்டைகளை மட்டும் எண்ணினால் தொடக்கத்தில் பயனே இல்லை என்று தோன்றும். வளர்ந்த புழுக்கள் உள்ளிருந்து முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். சாணத்தை ஆய்வுகூடத்தில் வைத்து, அதிலிருந்து எத்தனை குடம்பிகள் தப்பி வருகின்றன என்பதையே எண்ண வேண்டும்.